புழு தொடாத காராமணி

தபாவா என் மாமன் மகள். மாமன் மகளும் அத்தை மகனும் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த உரிமையை அவளைப் போல் மிச்சம் வைக்காமல் அனுபவித்தவர்கள் யாரும் இல்லை. என் கல்யாணத்தன்று கூட்டத்தின் நடுவே, "தாங்கோ, உன் பொண்டாட்டிக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா, ஒருதரம் ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்திருக்கலாமே" என்று கேட்டவள்.

எங்கள் ஊர் துதுன் காவோவில், சாரியா சாலை பிரிகிற முக்கில் அவள் கோசை என்கிற காராமணி வடை சுட்டு விற்கிறாள். எதிரே என் மாவு மில். விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்து நான் இன்ஜினைக் கிளப்பும்போது முதலில் வந்து நிற்பது அவளுடைய வாளிதான். ஊறவைத்துத் தோல் களைந்த காராமணி, வெங்காயம், சிவப்பு மிளகாய். அரைத்த மாவை மரக்கரண்டியால் அடித்து அடித்துப் பஞ்சாக்கி, கொதிக்கும் கடலை எண்ணெயில் கரண்டி கரண்டியாக விடுவாள். அது உப்பிப் புரளும் வாசனைக்கு லாரிக்காரர்கள் பிரேக் போடுவார்கள். கம்புக் கஞ்சியோடு நாலைந்து கோசை சாப்பிட்டால் மத்தியானம் வரை பசி எட்டிப் பார்க்காது. எங்கள் ஊரில் இறைச்சி பண்டிகைக்கு. உடம்புக்கு வலு தருவது காராமணிதான்.

அவளுக்கு எதையும் திறந்து பார்த்தாக வேண்டும். என் மில்லின் பெல்ட் ஏன் குறுக்காக மாட்டியிருக்கிறது என்று கேட்டு, நான் சொன்ன பதில் போதாமல், ஒருநாள் இன்ஜினை நிறுத்தச் சொல்லி மூடியைக் கழற்ற வைத்தாள். பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் எங்கள் இருவர் பரம்பரையையும் திட்டித் தீர்த்தார்கள். அவளுடைய சொந்த நிக்காஹ் அன்று, ஆண்கள் சபையில் கல்யாணத்தில் மெல்லத் தருகிற கோலாக்கொட்டையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஆள் அனுப்பி ஒரு கேள்வி கேட்டாள்: சில கொட்டை இரண்டாகப் பிளக்கிறது, சிலது நாலாகப் பிளக்கிறதே, ஏன்? மாப்பிள்ளை ஹாபு தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்போதிலிருந்தே பொறுமைசாலி.

ஹாபு விவசாயி. சோளமும் காராமணியும் போடுவான். சோளம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். காராமணி அப்படி இல்லை. பூ வைக்கிற சமயத்தில் ஒரு அந்துப்பூச்சி வந்து முட்டையிட்டுப் போகும். அதிலிருந்து வருகிற புழு, பூவையும் பிஞ்சையும் நூலால் சேர்த்துக் கட்டி உள்ளே உட்கார்ந்துகொண்டு காயைத் துளைத்துத் தின்னும். வெளியே பார்த்தால் பச்சையாக இருக்கும், பிரித்தால் எச்சமும் ஓட்டையும்தான். அதற்காகப் பூ விட்டது முதல் அறுப்பு வரை மருந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு வருஷம் அப்படி அடிக்கும்போது காற்று திரும்பிவிட்டது. ஹாபு முகத்தைத் துணியால் மூடியிருந்தான், ஆனால் துணி நனைந்துபோனால் என்ன பிரயோஜனம். வயலில் வாந்தியெடுத்து விழுந்தவனை என் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து, தபாவா பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டான். ஆனால் அதன்பிறகு அந்த மருந்து வாடை பட்டாலே அவன் வயலை விட்டு வெளியேறிவிடுவான். அடுத்த வருஷம் மருந்தே அடிக்கவில்லை. வயலில் ஆடு தின்ன இலை மட்டும் மிஞ்சியது.

தபாவா சந்தையில் கூடுதல் விலைக்குக் காராமணி வாங்கிச் சுட்டாள். கோசை சிறுத்தது. தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் மாலம் பாவா, பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்; மாலம் என்றால் எங்கள் பேச்சில் வாத்தியார். எனக்கும் தபாவாவுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். ஒருநாள் கோசையை விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தபாவா, இது கோசையா, கோசை பெத்த குழந்தையா?"

"குழந்தைதான் மாலம். நீங்க வாத்தியார், வளர்த்து விடுங்க" என்றாள்.

சிரித்தார்கள். ஆனால் அந்த வருஷம் பலர் வீட்டில் காலையில் கஞ்சி மட்டும்தான்.

விவசாய அலுவலகத்திலிருந்து நாங்கள் மரியாதையாக மாலமா என்று கூப்பிடும் லாரை என்ற பெண் மோட்டார் சைக்கிளில் வந்தது அதற்குப் பிறகு. ஊர்த்தலைவர் வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் பாயில், பெண்கள் சுவரோரம். ஒரு புதுக் காராமணி விதை கொண்டு வந்திருப்பதாக லாரை சொன்னாள். மண்ணில் இயல்பாக இருக்கும் ஒரு கிருமியின் குணத்தை எடுத்து இந்தப் பயறுக்குள் வைத்திருக்கிறார்கள், துளைக்கிற புழு இதைக் கடித்தால் செத்துப்போகும், அந்தப் புழுவுக்கென்று மருந்து அடிக்க வேண்டாம், மற்ற பூச்சிக்கு மட்டும் ஒன்றிரண்டு தடவை அடித்தால் போதும் என்றாள்.

 மாலம் பாவாதான் முதலில் கேட்டார்.

"புழு தின்னா சாகுது. மனுஷன் தின்னா?"

"மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாது மாலம்."

"சரி. இன்னைக்கு விதையைச் சும்மா குடுக்கறீங்க. நாளைக்கு நாங்க உங்க வாசல்ல வந்து நிக்கணுமா?"

"இதோட விதையை நீங்களே எடுத்து வச்சுக்கிட்டு மறுவருஷம் போடலாம். கலந்து போச்சுன்னா மட்டும் புதுசா வாங்கிக்கங்க."

"இன்னைக்கு அப்படி. நாளைக்கு வர்ற விதை எப்படியோ" என்றார் பாவா.  எனக்கு அப்போதும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

சுவரோரத்திலிருந்து தபாவாவின் குரல் வந்தது. "மாலமா, அந்தப் புழு எப்படிச் சாகுது? கடிச்ச உடனேயா, மெதுவாவா? பார்க்க முடியுமா?"

ஹாபுவுக்கு அந்த விதை வேண்டாம். "ஏற்கெனவே ஒரு விஷம் என்னைப் பார்த்துட்டுப் போயிருக்கு" என்றான். தபாவா விடவில்லை. வயலின் ஒரு மூலையில் மட்டும் போடுவது, அதையும் அவளே பார்த்துக்கொள்வது என்று முடிவானது.

பூ வைத்தபோது அவள் செய்த காரியம்தான் ஊரெல்லாம் பேச்சானது. பக்கத்து வயலிலிருந்து புழுக்களைப் பொறுக்கி வந்து, இரண்டு எனாமல் கிண்ணத்தில் விட்டு, ஒன்றில் பழைய காராமணிப் பூவும் பிஞ்சும், மற்றதில் புதுசினுடையது போட்டு, வலைத்துணியால் மூடினாள். வீட்டில் ஆடு கவிழ்த்துவிடும் என்று என் மில்லில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஜனங்க தின்ற மாவு அரைக்கிற இடத்துல புழு வளர்க்கிறியா?" என்றேன்.

"உன்னை வச்சுக்கிட்டே வியாபாரம் நடக்குது. புழுவால என்ன கெட்டுப்போச்சு?"

அரைக்க வந்த பெண்கள் எல்லாம் அந்தக் கிண்ணங்களைச் சுற்றி நின்றார்கள். பழைய பூவில் விட்ட புழுக்கள் நூல் கட்டிக் கொழுத்தன. புதுசில் விட்டவை ஒரு கடி, இரண்டு கடி கடித்தன. அப்புறம் தின்னாமல் கிடந்தன. மறுநாள் சுருங்கிப்போய், அதற்கடுத்து கறுத்துப்போயின. தபாவா ஒரு துடைப்பக் குச்சியால் அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பார்த்தியா, பசிக்குது, ஆனா திங்க முடியல" என்றாள்.

மற்றவர்கள் முகத்தில் சந்தோஷம் இல்லை. கதை கேட்பது வேறு, செத்த புழுவைக் கண்ணால் பார்ப்பது வேறு. "தபாவா வயல்ல விஷப் பயறு விளையுது" என்று அன்று சாயங்காலமே கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். அவள் கோசைக்கு நிற்கிற கூட்டமும் கொஞ்சம் மெலிந்தது, இத்தனைக்கும் அவள் சுட்டது இன்னும் சந்தைக் காராமணிதான்.

அறுப்பு வந்தது. மூலையில் போட்ட புதுக் காராமணி ஓட்டையில்லாமல் வெள்ளை வெளேரென்று குவிந்தது. ஹாபு அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவப் போனான்.

தபாவாவுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. எனக்குத் தெரியும், ஏனென்றால் கிண்டல் குறைந்திருந்தது. லாரை அடுத்த முறை வந்தபோது அவளை என் மில் பெஞ்சில் உட்கார வைத்து, கஞ்சியும் கோசையும் கொடுத்து, நேராகக் கேட்டாள்.

"புழுவுக்கும் எனக்கும் வயிறு ஒண்ணுதானே மாலமா. அதைக் கொல்றது என்னை ஏன் கொல்லாது?"

"ஒண்ணு இல்ல, அதுதான் விஷயம். நமக்கு ஏப்பம் வந்தா தொண்டை புளிக்குதுல்ல? நம்ம வயிறு புளிப்பு. அந்தப் புழு வயிறு கன்வா கரைச்ச தண்ணி மாதிரி."

கன்வா என்பது காராமணி சீக்கிரம் வேகப் பானையில் போடுகிற காரக்கல். தபாவாவின் கண் விரிந்தது.

"கன்வா போட்டா பயறு குழையும். புளியை ஊத்தினா அப்படியே கல்லா நிக்கும்."

"அதேதான். பயறுக்குள்ள இருக்கிற அந்தச் சத்து கன்வா வயித்துல கரைஞ்சு வேலையைக் காட்டும். வயித்துச் சுவத்துல ஒரு இடத்துல ஒட்டிக்கிட்டு ஓட்டை போடும். நம்ம வயித்துல புளிப்பு அதை உடைச்சுப் போட்டுடும். ஒட்டிக்க இடமும் கிடையாது."

"நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"புழு வயித்தைப் பெரிசாக்கிற கண்ணாடியில பார்த்திருக்கேன்."

"மனுஷன் வயித்தை?"

லாரை கையிலிருந்த கோசையைக் கீழே வைத்தாள். "இல்ல. எலிக்கும் கோழிக்கும் போட்டுப் பார்த்தவங்க எழுதினதைப் படிச்சிருக்கேன். எங்க வீட்டில நான் திங்கறேன், என் பிள்ளைங்க திங்குது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவள் போன பிறகு தபாவா சொன்னாள்: "நல்ல பொண்ணு. பார்க்காததைப் பார்க்கலைன்னு சொல்லிட்டா." அன்று மத்தியானமே புதுக் காராமணியை வேகவைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் வாசலில் நின்று, "நீ செத்தா அந்த எண்ணெய்ச் சட்டி எனக்கு" என்றேன். "எழுதி வாங்கிக்க" என்று வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னாள். ஹாபு பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரம் இப்படி நடந்தது. பிறகு அவனும் தட்டை நீட்டினான்.

அவள் மனதை முழுசாகத் தெளிய வைத்தது வேறொன்று. குளிர்காற்று அடங்கி வெயில் ஏறத் தொடங்கிய ஒருநாள், விதைக்கு எடுத்து வைத்திருந்த புதுக் காராமணிப் பானையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கு ஓடி வந்தாள். உள்ளே பயறெல்லாம் பொடி ஓட்டை. கறுப்பாக வண்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"தாங்கோ, வண்டு தின்னுடுச்சு."

"விதை போச்சுன்னு அழுவியா, சிரிக்கிறியே?"

"விஷமா இருந்தா இது எப்படித் தின்னு குட்டி போட்டிருக்கும்? புழு செத்துச்சு, வண்டு கொழுக்குது. அப்போ மாலமா சொன்னது வயிறு விஷயம்தான்."

பானையில் பாதி விதை வீணாகியிருந்தது. ஹாபு மிச்சத்தைப் புடைத்து எடுத்துக் காற்றுப் புகாத பையில் கட்டி வைத்தான்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு வயலில் பெரும்பகுதி புதுக் காராமணி. அறுப்பு முடிந்து, அவள் அதைச் சுட்டு விற்க முடிவெடுத்தபோது ஹாபு சொன்னான், "யார்கிட்டயும் சொல்லாதே. பயறு பயறுதான். சுட்டு வச்சா யாருக்கு வித்தியாசம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுன்னா, யாருக்குப் பிடிச்சுது, யாருக்குப் பிடிக்கலைன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்றாள் தபாவா.

நேர்மையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கூடை வைத்தாள். நீலத் துணி போட்டது பழைய காராமணி, வெள்ளைத் துணி போட்டது புதுசு. வருகிற ஒவ்வொருவரிடமும் எது எதுவென்று சொன்னாள். எனக்குத்தான் வேலை இரட்டிப்பானது. முதலில் பழையதை அரைத்து, அப்புறம் புதுசை அரைத்து, நடுவில் கல்லைக் கழுவி.

ஆரம்பத்தில் வெள்ளைக் கூடை அப்படியே கிடந்தது. லாரிக்காரர்கள்தான் முதலில் கை வைத்தார்கள். "ரோட்டுல சாகறதுக்கு இது தேவலாம்" என்றான் ஒருவன். அப்புறம் சந்தைக்குப் போகிற பெண்கள். தபாவா எல்லோரையும் பிடித்து உட்கார வைத்து விசாரித்தாள். மெதுவா இருக்கா, வாசனை எப்படி, வயிறு உப்புசமா. "பழசுக்கும் வயிறு உப்பும், இதுக்கும் உப்பும்" என்று ஒரு கிழவர் சொன்னதற்கு ரொம்ப நேரம் சிரித்தாள்.

மாலம் பாவா நீலக் கூடையை விட்டு நகரவில்லை. "நான் உன்னைத் தப்பு சொல்லல தபாவா. நீ என்கிட்ட மறைக்கல. ஆனா எனக்கு இன்னும் கேள்வி இருக்கு" என்றார். "கேள்வி இருந்தா நல்லதுதானே மாலம்" என்றாள் அவள்.

அடுத்து வந்த வருஷம் மழை பின்தங்கி, புழு முன்னால் வந்தது. மருந்து சாரியாவிலிருந்தே வரவில்லை. கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். ஊரைச் சுற்றிக் காராமணி வயல்களில் காயெல்லாம் துளை. ஹாபுவின் வயலும், அவனைப் பார்த்து விதை வாங்கிப் போட்ட சிலருடைய வயலும் நின்றன. அவையும் முழுசாகத் தப்பவில்லை. அசுவினிப் பூச்சி ஒட்டி ஓரம் எல்லாம் காய்ந்தது, மழைக்குறைவில் காய் குட்டையாகிப்போனது. இருந்தாலும் பயறு வந்தது. கிணற்றடியில் விஷப் பயறு என்று பேசியவர்களே முறத்தோடு வந்து நின்றார்கள். தபாவா அவர்களைச் சும்மா விடவில்லை. "கறுத்துப்போன புழு ஒண்ணு காட்டட்டுமா?" என்று ஒவ்வொருத்தியையும் கேட்டுவிட்டுத்தான் அளந்து போட்டாள். அந்த வருஷம் அவள் கோசை சிறுக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் கையில் கோசையோடு போனார்கள். அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

ஆனால் நீலக் கூடை காலியாகிவிட்டது. பழைய காராமணி எங்கேயும் இல்லை. மாலம் பாவா ஒருநாள் வந்தார், வெள்ளைத் துணியை மட்டும் பார்த்தார், கஞ்சியை வாங்கி வெறுமனே குடித்தார். தபாவா வற்புறுத்தவில்லை.  அடுத்த சந்தையன்று பஸ் பிடித்துத் தூரத்து ஊர் ஒன்றுக்குப் போய், எங்கிருந்தோ ஒரு படி பழைய காராமணி தேடி வாங்கி வந்தாள்.

"ஒருத்தர் வாய்க்காக மில்லைக் கழுவணுமா?" என்றேன்.

"கழுவு. உன் கல்லும் வருஷத்துல ஒருதரம் குளிக்கட்டும்."

பாவா அதைச் சாப்பிட்டார். எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு லாரை கூட்டம் போட்ட போதெல்லாம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். வெள்ளைக் கூடையில் அவர் இன்றுவரை கை வைத்ததில்லை.

லாரையிடம் தபாவா கேட்டதில் இன்னொன்று எனக்குப் பிடித்தது. "புழு முட்டாள் இல்ல மாலமா. ஒருநாள் இதையும் திங்கக் கத்துக்காதா?" அதற்காகத்தான் வயலோரத்தில் சில வரிசை பழைய காராமணி போட வேண்டும் என்று லாரை விளக்கினாள். அங்கே சாதாரணப் புழு தின்று பெருகும். எப்போதாவது ஒன்று புதுசைத் தின்று பிழைத்தாலும் அது இந்தக் கூட்டத்தோடு கலந்துவிடும், அதன் குஞ்சுகளுக்கு அந்தத் திறமை சுலபத்தில் வராது. தபாவா அசந்துபோனாள். ஹாபு அந்த ஓரத்தைப் பிடுங்கிவிட்டு நல்லதைப் போடலாம் என்று வருஷா வருஷம் முணுமுணுப்பான். "அது புழுவுக்கு வச்ச சோறு, கை வைக்காதே" என்று அவள் தடுத்துவிடுவாள்.

இந்த வருஷம் காய் பிடிக்கத் தொடங்கியதும் அவள் புது வயலின் நடுவிலிருந்து ஒரு காயை மில்லுக்குக் கொண்டு வந்தாள். பிரித்தால் உள்ளே உயிரோடு ஒரு புழு, நன்றாகக் கொழுத்திருந்தது. தபாவாவும் அன்று வந்திருந்த லாரையும் அதைக் குனிந்து பார்த்தார்கள். புழு புதுசைத் தின்னக் கற்றுவிட்டதோ என்று லாரை முகம் மாறியதை நான் பார்த்தேன். புழுவையும் அந்தச் செடியின் இலையையும் டப்பாவில் போட்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துப் போனாள். தபாவாவுக்கு அந்த நாட்களில் கோசை கருகியது.

லாரை திரும்பி வந்து சொன்னாள்: புழு மாறவில்லை, செடிதான் மாறியிருக்கிறது. அந்த ஒரு செடியில் கிருமியின் குணம் இல்லை, அது பழைய காராமணி. நாங்கள் எடுத்து வைத்த விதையில் எப்படியோ கலந்துவிட்டது.

"எப்படிக் கலக்கும்? பை தனி, பானை தனி" என்றான் ஹாபு.

"பையில கலந்திருக்கலாம். இல்ல, வயல்லயே தேனீ மகரந்தம் கொண்டுபோயிருக்கலாம். காராமணிப் பூவுல அது அவ்வளவா நடக்காது. ஆனா நடக்கும்."

"எந்தத் தேனீ?" என்று தபாவா கேட்டாள்.

லாரைக்கு அது சரியாகத் தெரியவில்லை. கறுப்பாகப் பெரிசாக ஒன்று வரும் என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து வியாபாரம் முடிந்ததும் தபாவா வயலுக்குப் போய்விடுகிறாள். ஓரத்து வரிசைக்கும் புது வரிசைக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைப் போட்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று வாளியை எடுத்துப் போகச் சொல்ல நானே போனேன். என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தாள். ஒரு கறுத்த பெரிய தேனீ பூவின் மேல் கனமாக உட்கார்ந்து அதைக் கீழே வளைத்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் பறக்கப்போகிறது என்று நானும் நின்று பார்த்தேன்.